பூனைக்கு ஆட்டோமேட்டிக் ஃபீடர் வாங்குகிறவர்கள் கவனிக்க

ஊருக்குப் போகும்போது பூனைகளுக்குத் தானாகச் சாப்பாடு போடும் மெஷின் வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஆன்லைனில் நான் வாங்கியது, "உணவு வழங்கப்பட்டது" என்று போனில் காட்டிக்கொண்டே பூனைகளைப் பட்டினி போட்டது.

பொங்கலுக்குத் திருநெல்வேலி போயிருந்தோம். சென்னை வீட்டில் இரண்டு பூனைகள். வேளை தவறாமல் ஆப்பில் பச்சை டிக் வந்தது. தண்ணீர் மாற்றுவதற்குச் சாவி வாங்கி வைத்திருந்த எதிர்வீட்டு அக்காதான் கதவைத் திறந்ததும் கூப்பிட்டார். "தம்பி, தட்டு தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. ரெண்டும் கத்துற கத்துல காது போயிடும் போல. ஆனா மெஷினுக்குள்ள சாப்பாடு நிறைய இருக்கே?"

இருந்தது, விழவில்லை. சென்னைக் காற்றின் ஈரத்தில் உலர் தீவனம் நமத்து, ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் சுழலும் சக்கரத்துக்கு மேலே பாலம் போல நின்றுவிட்டது. சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றியிருக்கிறது. ஆப்புக்கு மோட்டார் சுற்றியது தெரியும். தட்டில் ஏதாவது விழுந்ததா என்று தெரியாது. விழுவதைக் கவனிக்க வாய்ப்பகுதியில் இன்ஃப்ராரெட் சென்சார் இருக்க வேண்டும். "அடைப்பு ஏற்பட்டால் உடனே அலர்ட்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஸ்குரூ கழற்றிப் பார்த்தேன். சென்சார் வரவேண்டிய இடத்தில் வெறும் துளை.

பேட்டரி பேக்கப்பும் அதே லட்சணம்தான். மூன்று பெரிய பேட்டரி போட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். நேர அட்டவணை மொத்தமும் அழிந்துபோனது. நல்ல மெஷின்களில்கூட கரண்ட் போனால் வைஃபை நின்று ஆப் தொடர்பு போகலாம், ஆனால் அட்டவணையாவது உள்ளேயே இருக்கும்.

பூனைதானே, பசித்தால் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் போனாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டுப் பூனைகளுக்கு இன்னும் மோசம். என் வீட்டில் ஒன்று நல்ல குண்டு. அக்கா அன்று வந்ததால் பிழைத்தோம்.

விற்றவர்களிடம் கேட்டால் முதலில் "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது" என்றார்கள். அப்புறம் "நாங்கள் சொல்லும் தீவனம்தான் போட வேண்டும்". அப்புறம் "வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கு வாரண்டி கிடையாது". சரி, சென்சாரே இல்லையே என்று போட்டோ அனுப்பியதும் பதில் நின்றது. ஒரு நட்சத்திரம் கொடுத்து விமர்சனம் எழுதியதும் மட்டும் போன் வந்தது: அதை நீக்கினால் பாதிப் பணம் தருவார்களாம்! பெட்டியில் இறக்குமதியாளர் பெயரோ முகவரியோ இல்லை. இறக்குமதிப் பொருளில் அது கட்டாயம் இருக்க வேண்டும். வாங்கியதும் முதலில் அதைத் தேடுங்கள்.

பெரிய பிராண்ட் என்றால் கவலை இல்லை என்றும் இருக்காதீர்கள். அமெரிக்காவில் பெட்நெட் என்ற நிறுவனத்தின் ஸ்மார்ட் ஃபீடர்கள் 2020 பிப்ரவரியில் சர்வர் கோளாறால் பல வீடுகளில் நாட்கணக்கில் முடங்கின.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஊருக்குப் போவதற்கு முன்பே சில நாள் வீட்டில் ஓட்டி, விழும் தீவனத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒருமுறை பிளக்கைப் பிடுங்குங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டைப் பூனை வாய் படாத மூடிப் பகுதியில் வையுங்கள், தொட்டியை முழுக்க நிரப்பாதீர்கள். எதிர்வீட்டுச் சாவியை மட்டும் திரும்ப வாங்கிவிடாதீர்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதியாயிற்று. 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒப்புதல் வந்துவிட்டது. பணம் வரவில்லை. விமர்சனத்தை நான் நீக்கவில்லை.