ஒன்ராறியோவின் 40 மணிநேர ட்ரைவிங் கோர்ஸ்: யார் காசு கட்டலாம், யார் கட்டவேண்டாம்

ரொறன்ரோவுக்கு வந்திறங்கி இருப்பிடம், வேலை என்று ஓரளவு ஒழுங்கானதும் அடுத்த கேள்வி கார்தான். ட்ரைவிங் ஸ்கூலுக்குப் போனால் முதலில் நீட்டுவது பிடிஇ பக்கேஜ். மாகாணம் அங்கீகரித்த, புதிய சாரதிகளுக்கான பயிற்சி அது: வகுப்பு 20 மணிநேரம், கார் 10, மீதி 10 வீட்டுப்பாடம் போன்றவற்றுக்கு.

பலர் இதை எடுப்பது ஒரு காரணத்துக்காகத்தான். ஜி1 (எழுத்துப் பரீட்சையில் தேறியதும் தரும் பழகுநர் லைசன்ஸ்) கையில் வந்தபின் ஜி2 (தனியே ஓட விடும் அடுத்த படி லைசன்ஸ்) ரோட் டெஸ்டுக்கு 12 மாதம் பொறுக்கவேண்டும். பிடிஇ முடித்தால் 8 மாதம். ஆனால் இலங்கையிலோ இந்தியாவிலோ ஒரு வருடத்துக்கு மேல் லைசன்ஸ் வைத்து ஓடியவர், அந்த மூல லைசன்ஸை டிரைவ்டெஸ்ட் (லைசன்ஸ் பரீட்சை நடத்தும் நிலையம்) கவுன்ரரில் காட்டி அனுபவத்தைப் பதிந்துகொண்டால், அந்தக் காத்திருப்பே விழாது. அவருக்கு நாலு மாதத்தை மிச்சம் பிடித்துத் தருகிறோம் என்பது வெறும் விற்பனைப் பேச்சு. தனி வகுப்பாக ஆறோ எட்டோ எடுத்தால் போதும். காப்புறுதியில் தள்ளுபடி கிடைக்கும் என்பார்கள். எவ்வளவு என்று காப்புறுதிக் கொம்பனியிடமே கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

ஊரில் ஸ்டீயரிங்கையே தொடாதவருக்குக் கணக்கு வேறு. அவர் முழுப் பக்கேஜும் எடுப்பதுதான் நல்லது. 10 மணிநேரமும் போதாது, மேலே சில மணிநேரம் வாங்கவேண்டி வரும்.

ஜி1 எழுத்துப் பரீட்சைக்கு யாருக்கும் ஸ்கூல் தேவையில்லை. குறியீடுகள் 20, விதிகள் 20. ஒவ்வொன்றிலும் 16 சரியாக இருக்கவேண்டும். ஒன்றில் 20 எடுத்து மற்றதில் 15 எடுத்தாலும் பெயில். தமிழில் எழுதலாம், ஆனால் அரசின் கைநூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். அதனால் ஆங்கிலத்தில் படித்தவர் ஆங்கிலத்திலேயே எழுதுவது சுகம். தமிழ்த் தாளில் வரும் கலைச்சொற்கள் சிலரைக் குழப்பிவிடும்.

20 மணிநேர வகுப்பு சலிப்புத்தான். ஆனாலும் சில பகுதிகளில் தூங்கக்கூடாது: சிவப்பு விளக்கு மின்னும் ஸ்கூல் பஸ் (நடுவில் தடுப்பு இல்லாத வீதியில் எதிரே வருபவரும் நிற்கவேண்டும்), நாலு பக்கமும் ஸ்டொப் உள்ள சந்தி, ஆட்களை ஏற்றி இறக்க நிற்கும் ஸ்ட்ரீட்காரின் (வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ட்ராம்) பின்கதவிலிருந்து 2 மீற்றர் தள்ளி நிற்பது. இவை எதுவும் ஊர்ப் பழக்கத்தில் இல்லாதவை.

காசுக்குப் பெறுமதி தெரிவது காரில்தான். மோசமான பயிற்றுநர் 10 மணிநேரத்தையும் ஒரே குடியிருப்பு வீதிகளைச் சுற்றியே முடித்துவிடுவார். அடுத்த மாணவரை ஏற்றப் போகும் தூரமும் உங்கள் நேரத்தில் கழியும். முதல் நாளே கேளுங்கள்: தொடக்கமும் முடிவும் எங்கே, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், 401 ஹைவேயில் எப்போது ஏறுவோம்? ஜி1 வைத்திருப்பவர் சாதாரண ஆளோடு 400 வரிசை ஹைவேக்களில் ஓடக்கூடாது. உரிமம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் ஓடலாம். அந்த வாய்ப்பை விடவேண்டாம்.

இடப்பக்கம் ஓடிப் பழகியவர்களின் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். சிக்னல் போடப் போய் வைப்பரைப் போட்டுவிடுவார்கள். ஊரின் ஜப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலக்கைப் பக்கம், இங்கே இடக்கைப் பக்கம். அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆபத்தானது, வெறும் வீதியிலோ பார்க்கிங் லொட்டிலிருந்து வெளியே வரும்போதோ தன்னை அறியாமல் இடப்பக்கம் ஏறுவது. முன்னால் வேறு வாகனம் இல்லாதபோதுதான் இது நடக்கும். ஆகவே சனமில்லாத நேரத்தில் இடப்பக்கத் திருப்பங்களைத் திரும்பத் திரும்பச் செய்விக்கச் சொல்லுங்கள்.

டெஸ்டில் விழுத்துவது பெரும்பாலும் பேரலல் பார்க்கிங் அல்ல. ஸ்டொப்பில் சில்லு முழுதாக நிற்காமல் உருள்வது, சிவப்பில் வலப்பக்கம் திரும்புமுன் நிற்காதது, லேன் மாறும்போது தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்க்காதது. கண்ணை மட்டும் அசைத்தால் பரிசோதகருக்குத் தெரியாது. பயத்தில் 50 வீதியில் 35இல் ஊர்ந்தாலும் புள்ளி போகும்.

கோடையில் பழகுபவர் ஒரு வகுப்பையாவது முதற் பனிக்கு ஒதுக்கி வைக்கலாம். பனியில் பிரேக் பிடித்தால் கார் எவ்வளவு தூரம் வழுக்கும் என்பதை, பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும்போதே அறிந்துகொள்வது மேல்.

டெஸ்ட் நாளுக்கு ஸ்கூல் காரைக் கேட்டால் தனிக் கட்டணம். பக்கேஜுக்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சொந்தக் காரென்றால் பிரேக் லைற்றை முதல்நாள் இரவே பாருங்கள். எரியாவிட்டால் டெஸ்ட் நடக்காது. திகதி மாற்ற 48 மணிநேரத்துக்கு முன் அறிவிக்காவிட்டால் டெஸ்ட் கட்டணத்தில் பாதி போய்விடும்.

கோர்ஸ் முடிந்ததை ஸ்கூல்தான் அரசின் கணினியில் ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் 8 மாதச் சலுகை கிடைக்காது, 12 மாதம்தான். கடைசித் தவணையைக் கொடுக்குமுன், ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.