1/12-ஆ, 1/9-ஆ, 1/6-ஆ: பைக் கிட் வாங்கும் முன் ஒரு கணக்கு

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் கிட்டுகளைப் பற்றிப் பேசுகிறேன். கார் கிட்டில் பாதி வேலை பாடிக்குள் ஒளிந்துகொள்ளும். பானெட்டை மூடிவிட்டால் இன்ஜினில் விட்ட குறை வெளியே தெரியாது. பைக்கில் அந்தச் சலுகை இல்லை. ஃபிரேம், இன்ஜின், செயின், பிரேக் ஹோஸ் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். அதனால் எந்த வண்டி என்று பார்ப்பதற்கு முன்பே எந்த அளவு என்று முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. 1/12 என்றால் நிஜ வண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நீளம்.

2,100 மி.மீ. நீளமுள்ள ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். 1/12-இல் அது 17.5 செ.மீ., 1/9-இல் 23 செ.மீ.க்குச் சற்று மேல், 1/6-இல் 35 செ.மீ. இது அலமாரிக் கணக்கு மட்டும்தான். விஷயம் மெல்லிய பாகங்களில் இருக்கிறது. நிஜத்தில் 4 மி.மீ. தடிமனுள்ள ஒரு ஸ்போக்ஸ் கம்பி 1/12-இல் 0.33 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு மெல்லியதைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது கஷ்டம். வார்த்தாலும் ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டும்போதே முறியும். அதனால் கம்பெனிகள் தடிப்பாக வார்க்கின்றன, சக்கரம் பார்க்க மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி ஆகிவிடுகிறது. 1/9-இல் அதே கம்பி 0.44, 1/6-இல் 0.67. அந்தப் பெரிய அளவில்தான் பிளாஸ்டிக் ஸ்போக்ஸ் ஓரளவு நம்பும்படி இருக்கும். ஆக, அலாய் வீல் வண்டி என்றால் 1/12 போதும். ஸ்போக்ஸ் வண்டி என்றால் பெரிய அளவுக்குப் போவது நல்லது.

1/12-இல் டாமியாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஜப்பானின் ஷிசுவோக்காவில் இருக்கும் இந்த நிறுவனத்தின் பைக் கிட்டுகளில் பாகத்தோடு பாகம் சொன்னபடி பொருந்தும். ஹசெகாவா, ஆவோஷிமா கிட்டுகளும் அதே அளவில் கிடைக்கின்றன. கவாசாகி கேஎச்400 மாதிரி பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி வேண்டுமென்றால் ஹசெகாவாதான். ஆனால் முதல் கிட்டுக்கு டாமியாவைத் தாண்டிப் போக வேண்டாம்.

டாமியாவிலேயே எதை எடுப்பது? பெரும்பாலோருக்குக் கவாசாகி நின்ஜா எச்2ஆர் மேல் கண். சூப்பர்சார்ஜர் வைத்த 998 சிசி இன்ஜின், ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அதன் ஃபிரேம் குழாய்களைப் பின்னியது போன்ற டிரெல்லிஸ் வகை. ஒவ்வொரு குழாயிலும் அச்சுக்கோடு, அதாவது அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் வரி, ஓடும். அதை ஒவ்வொன்றாக உப்புத்தாள் போட்டு எடுக்க வேண்டும். விட்டால் பெயின்ட் அடித்த பிறகு பல்லை இளிக்கும். அதற்குப் பதில் டுகாட்டி 1199 பானிகாலே எஸ் எடுக்கலாம். நிஜ வண்டியிலேயே இன்ஜின்தான் ஃபிரேமின் பாரத்தைத் தாங்குகிறது, டிரெல்லிஸ் கிடையாது. ஆகவே கிட்டிலும் தேய்க்க வேண்டிய குழாய்கள் குறைவு. உழைப்பு முழுவதையும் அந்தச் சிவப்பு ஃபேரிங்கில் (வண்டியின் வெளி உறை) காட்டலாம். சிவப்புக்கு அடியில் இளஞ்சிவப்பு பிரைமர் (அடிப்பூச்சு) போடுங்கள். சாம்பல் நிற பிரைமர் மேல் சிவப்பு மங்கலாகிவிடும். அப்புறம், ஈரப்பதம் அதிகமான நாளில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் மேற்பரப்பு வெள்ளை பூத்துவிடும். மழை ஓயும் வரை வேறு வேலை பாருங்கள்.

1/12-இன் இன்னொரு பலம், தனியாக விற்கும் உதிரிகள். டாமியாவே சில வண்டிகளுக்கு உலோக ஃபோர்க் செட் விற்கிறது. டாப் ஸ்டுடியோ போன்றவர்கள் உலோக நுண்பாகங்கள் தருகிறார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. நிஜத்தில் 5 மி.மீ. இருக்கும் பிரேக் டிஸ்க் 1/12-இல் 0.4 மி.மீ.தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டிஸ்க் பெரும்பாலும் அதைவிடத் தடிப்பு. அதை மெல்லிய உலோகத் தகடாக மாற்றுவதும், கிட்டோடு வரும் டியூபுக்குப் பதில் 0.5 மி.மீ. கருப்பு வயரைப் பிரேக் ஹோஸாகப் போடுவதும் போதும். இந்த இரண்டே மாற்றத்தில் வண்டி வேறாகத் தெரியும்.

சரி, 1/9. இங்கே இரண்டு வேறு உலகங்கள். ஒன்று, இத்தாலியின் புரோட்டார். 1957-இல் 125 சிசி, 1958-இல் 250 சிசி உலக சாம்பியனான டார்குவினியோ புரோவினி தொடங்கிய நிறுவனம் அது. அந்த அச்சுகளை இப்போது இடாலெரி என்ற கம்பெனி மறுபடி வெளியிடுகிறது: 1951 நார்ட்டன் மேங்க்ஸ், எம்வி அகஸ்டா 500 மாதிரியான பந்தய வண்டிகள். வேறு யாரும் சீண்டாத வண்டிகள் இவை, அதற்காகவே வாங்கலாம். ஆனால் பழைய அச்சு என்பதை மறக்கக்கூடாது. ஓரங்களில் பிளாஸ்டிக் பிசிறு இருக்கும். துளையும் முளையும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொள்ளும். பசை போடும் முன் ஒருமுறை எல்லாவற்றையும் சும்மா பொருத்திப் பார்த்தே ஆக வேண்டும். அரம் பிடித்து உட்கார்வதில் சுகம் காண்பவர்களுக்கு இது. மற்றவர்கள் ஒதுங்கிவிடுங்கள்.

இன்னொன்று சீனாவின் மெங். அவர்களுடைய பிஎம்டபிள்யூ எச்பி4 ரேஸ் நல்ல உதாரணம். நிஜத்தில் 750 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்டது. ஃபிரேமும் சக்கரங்களும் கார்பன் ஃபைபர். இதைக் கிட்டாகக் கட்டும்போது கார்பன் நெசவை டீகாலாக (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) வளைவுகளில் ஒட்டுவதுதான் பெரிய தலைவலி. டீகால் மென்மையாக்கும் திரவத்தைத் தடவித் தடவி, சுருக்கம் விழுந்த இடத்தில் பிளேடால் கீறி, பொறுமையாக அழுத்த வேண்டும். மெங் இதே வண்டியை முன்கூட்டியே வண்ணம் பூசிய பதிப்பாகவும் விற்கிறது. சிலர் அதை ஏமாற்று வேலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தூவும் கருவி) வைக்க இடமில்லாத வீட்டில் பெரிய அளவு பைக் கட்ட அது நேர்மையான வழி. பெயின்ட் அடிப்பதையே விரும்புபவர் மட்டும் சாதாரணப் பதிப்பை எடுக்கட்டும்.

1/6 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாமியாவின் ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் அற்புதம். ஸ்போக்ஸ் சக்கர வண்டிக்குச் சரியான அளவும் அதுதான். விலையும் இடமும் கையைக் கடிக்கும். ஹோண்டா சிபி750எஃப் மாதிரி பழைய 1/6 கிட்டுகளில் குரோம் பூசிய பாகங்கள் ஏராளம். அந்த குரோமின் மேல் பசை பிடிக்காது, ஒட்டும் இடத்தைச் சுரண்ட வேண்டும். அச்சுக்கோடும் குரோமுக்கு அடியில் அப்படியே பளபளக்கும். பிளீச்சில் ஊறவைத்தால் குரோம் கரைந்துவிடும். பிறகு பளபளப்பான கருப்பு அடித்து, அதன் மேல் ஆல்கிளாட் கம்பெனியின் குரோம் பெயின்ட் தூவினால் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். சைலன்சரில் சூடுபட்ட நிறத்துக்கு டாமியாவின் கிளியர் மஞ்சள், கிளியர் நீலம், ஸ்மோக் மூன்றையும் நீர்த்து மெல்லிய படலங்களாக அடிக்கலாம்.

1/6 ஆசையை அடக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: பழைய 50 சிசி ஹோண்டா மங்கி. நிஜ வண்டியே 1.36 மீட்டர்தான், ஆகவே 1/6-இலும் 23 செ.மீ.க்குள் அடங்கிவிடும், அதாவது 1/9 சூப்பர்பைக் வைக்கிற அதே இடம். இன்ஜின் 49 சிசி, ஒற்றை சிலிண்டர்; சக்கரம் தகட்டால் ஆனது, ஸ்போக்ஸ் தொல்லை இல்லை. ஃபேரிங்கே கிடையாது என்பதால் பாலிஷ் போட வேண்டியது டேங்க் ஒன்றுதான்.