யூலிமிட்டா, சிகுரூப்பா? ஊர்ப் பெட்டிக்கு எது காவல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில், 4 ஜிபி நினைவகமுள்ள பழைய லினக்ஸ் பெட்டி (சர்வர் கணினி) ஒன்றில் கோயில் அர்ச்சனைப் பதிவு, தமிழ்ப்பள்ளியின் இணையப்பக்கம், கூட்டுறவுக் கடைக் கணக்கு மூன்றும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தைப்பூச வாரத்தில் எவனோ பதிவுப் பக்கத்தைக் கோரிக்கைகளால் திணறடித்தால் கடைக் கணக்கும் சேர்ந்து படுத்துவிடும். அப்படி நடக்கவே கூடாது. தடுக்க இயங்குதளத்திலேயே இரண்டு வழி உண்டு.

பழையது யூலிமிட். ஒரு பயனர் எத்தனை புராசஸ் (ஓடும் நிரல்) தொடங்கலாம், ஒரு புராசஸ் எத்தனை கோப்பு திறக்கலாம் என்று லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதிவிடலாம். லாகின் கணக்குள்ள யாராவது ஃபோர்க் பாம், அதாவது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போகும் நிரல், ஓட்டினால் இது நன்றாகவே பிடித்து நிறுத்தும். ஆனால் நினைவக வரம்பு ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனி. 200 எம்பி என்று போட்டு வலைப்பக்கத்துக்கான 30 பிஎச்பி புராசஸ் எழுந்தால் மொத்தம் 6 ஜிபி வரை போகலாம்; பெட்டியில் இருப்பதோ 4. அதைவிட மோசம், லிமிட்ஸ்.கான்ஃப் லாகின் வழியாக வருபவர்களுக்குத்தான். பெட்டியின் சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி துவக்கும் வெப் சர்வர் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வரம்பு போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது வழியான சிகுரூப் 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் (லினக்ஸின் மையக்கரு) சேர்ந்தது. கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய வேலை. இது தனி ஆளைப் பார்க்காது, கூட்டத்தையே மொத்தமாகக் கணக்கெடுக்கும். சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் மெமரிமேக்ஸ் 1 ஜிபி என்றால், அந்தச் சேவையின் எல்லாப் புராசஸும் சேர்ந்து அவ்வளவுதான். தாண்டினால் அந்தக் கூட்டத்துக்குள்தான் உயிரிழப்பு, பக்கத்துச் சேவைக்கு ஒன்றும் ஆகாது. டாஸ்க்ஸ்மேக்ஸ் புராசஸ் எண்ணிக்கையையும் சிபியுகோட்டா சிபியு நேரத்தையும் கட்டிவைக்கும். என் ஓட்டு இதற்கே.

ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று இருக்கிறது. 2009இல் வெளிவந்த ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் கருவி, பாதிக் கோரிக்கையை அனுப்பிவிட்டு இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். நினைவகமும் சிபியுவும் பெரிதாகச் செலவாகாது. ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த கோப்பாகவே எண்ணப்படும் என்பதால், இங்கே திறந்த கோப்பு வரம்பைக் குறைத்து வைத்தால், எதிராளி அதைச் சீக்கிரமே நிரப்பிவிடுவான். நாம் போட்ட வரம்பே அவனுக்கு உதவியாகிவிடும். அதற்கு வெப் சர்வரிலேயே நேரவரம்பும், ஒரு முகவரிக்கு இத்தனை இணைப்பு என்ற கட்டும் வேண்டும். இணைய லைனே நிரம்பி வழிந்தால் அதை இணையச் சேவை தருபவர்தான் மேலே தடுக்க வேண்டும்.

சரி, இந்தப் பெட்டிக்கு நான் போடுவது: பதிவுக்கு மெமரிமேக்ஸ் 1 ஜிபி, பள்ளிப் பக்கத்துக்கு 512 எம்பி, கடைக் கணக்குக்கு மெமரிமின் (பிறர் பறிக்க முடியாத நினைவகம்) 1 ஜிபி. அப்புறம், லாகின் கணக்குகளுக்கு மட்டும் யூலிமிட்.