பழைய டபுள் பேரல் துப்பாக்கி யார் செய்தது? பெயரா, முத்திரையா, நம்பரா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் பங்களாவில் தாத்தா காலத்து 12 போர் (குழல் வாயின் அளவு) டபுள் பேரல் இருந்தால், வீட்டுக்காரர் முதலில் காட்டுவது இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையில் வெட்டியிருக்கும் பெயரைத்தான். ‘பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்றிருக்கும். இல்லாவிட்டால் கல்கத்தா ‘ஆர். பி. ரோடா’. ஆனால் அது விற்ற கடையின் பெயர். இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறையில் செய்து, ஆர்டர் கொடுத்த கடையின் பெயரை வெட்டி அனுப்புவது அன்று சர்வ சாதாரணம். துணிந்த ஏமாற்றும் உண்டு. பேர்போன இங்கிலாந்து கம்பெனி வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று நினைத்து வாங்கட்டும் என்றே பெல்ஜியத்திலிருந்து ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ பெயரில் மலிவுத் துப்பாக்கிகள் வந்தன.

என் ஓட்டு, குழலின் அடியில் இருக்கும் முத்திரைக்கு. தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டு, முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) கழற்றி, குழலைப் பிரித்துக் கவிழ்த்து வையுங்கள். தோட்டா உட்காரும் இடத்துக்கு நேர் கீழே தட்டையான பரப்பு தெரியும். மேலே எழுத்து தேய்ந்திருந்தாலும், துடைக்கிற துணி படாததால் இங்கே பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அதிகப்படி மருந்து வைத்துச் சுட்டு, குழல் தாங்கிய பிறகு அடித்த முத்திரைகள் இவை. கிரீடத்தின் கீழ் பின்னிக்கிடக்கும் ஜி.பி. என்றால் லண்டன். குறுக்காக வைத்த இரண்டு செங்கோல், இடுக்குகளில் பி.பி.சி. என்றால் 1904-க்கு முந்தைய பர்மிங்காம். அதற்குப் பிறகு கிரீடமும் பி.பி., பி.வி., என்.பி. எழுத்துகளும்; என்.பி. என்றால் இன்றைய புகையில்லா மருந்துக்கும் சோதித்தது என்று பொருள். முட்டை வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ்; வளையத்தின் தலையில் கிரீடம் இருந்தால் 1893-க்கு முந்தையதல்ல. ‘நாட் ஃபார் பால்’ (ஒற்றைக் குண்டு போடக் கூடாது) என்று கண்ணில் பட்டால் காலம் இன்னும் இறுகிவிடும்: 1875 முதல் 1887 வரை.

குறையும் உண்டு. முத்திரை ஊரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. பர்மிங்காம்காரர் சிலர் நல்ல துப்பாக்கிகளை லண்டனுக்கு அனுப்பி முத்திரை வாங்கியதால் ஊர்கூட மாறிப்போகலாம்.

சரி, நம்பர்? லண்டனின் பர்டி, ஹாலண்ட் மாதிரி பேரேடு பத்திரமாக இருக்கும் கம்பெனி என்றால் இதைவிட உறுதியான சாட்சி கிடையாது. எந்த ஆண்டு செய்தது என்பதுவரை வந்துவிடும். கடைக்காரர் போட்ட நம்பர் என்றால் பேரேடு கிடைப்பது அபூர்வம். ஆனாலும் குழல், பூட்டுப் பகுதி, முன்கட்டை மூன்றிலும் ஒரே நம்பரா என்று பாருங்கள். குழல் பிற்பாடு மாற்றியதா என்பது அதில் தெரியும்.

மலை ஈரத்தில் துரு ஏறியிருந்தால் உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள், முத்திரையும் சேர்ந்து போய்விடும். எண்ணெய் தொட்ட பஞ்சும், சாய்த்துப் பிடித்த டார்ச்சும் போதும். குழல் முழுக்கச் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்து, என்.பி. முத்திரையும் இல்லையென்றால் அது கரிமருந்துக் (பழைய புகை மருந்து) காலத்து டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி ஒட்டவைத்தது. லைசென்ஸ் இருந்தாலும் இன்றைய தோட்டாவை அதில் போட்டுப் பார்க்க வேண்டாம்.