பேதம்செர்லா குவாரியில் கடப்பா கல்: தரைக்கு வாங்கலாமா?

ஆந்திராவின் நந்தியால் மாவட்டம் பேதம்செர்லாவில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் சின்ன குவாரி. கல் அருமையான கல். அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணாம்புக்கல் என்பதால் உளி வைத்துத் தட்டினாலே பலகையாகப் பிரிகிறது. அதனாலேயே கனம் சீராக இருக்காது. ஒரே பலகையில் ஒரு முனை 20 மி.மீ., மறுமுனை 28 மி.மீ. இதை டைல்ஸ் பசையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். 1:6 சிமென்ட் கலவையை (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) 40 மி.மீ. வரை போட்டு, கல்லுக்குக் கல் மட்டம் பார்த்துப் பதித்தால்தான் தரை ஏறி இறங்காது.

ஏற்றும் முன் ஒவ்வொரு கல்லையும் நனைத்துப் பாருங்கள். மேலே உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது மயிரிழை விரிசல். பாலிஷ் போடும்போது அங்கேதான் விட்டுப்போகும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். லாரியில் படுக்கப் போடாமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடையில் வைக்கோல் செருகுகிறார்கள். அந்தக் கவனம் பாராட்ட வேண்டியது. விளிம்பு வெட்டுதான் சுமார்: மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் மூலைகள் செங்கோணமாக நிற்பதில்லை. 10 சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையல் மேடைக்கு என்றால் யோசியுங்கள். எலுமிச்சை, புளி, ஆசிட் பட்ட இடம் வெளுத்துவிடும்.