எஃப்ஜே40-ஆ, சீரிஸ் லேண்ட்ரோவரா? துருவைப் பார்த்து முடிவெடுங்கள்

பழைய நாலு சக்கர இழுவை வண்டியை நட்டு நட்டாகக் கழற்றிக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து டயர், அதற்கடுத்து வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுத்தெடுக்கும் கருவி). நாற்பது ஐம்பது வயதான வண்டியில் பணத்தையும் விடுமுறை நாட்களையும் தின்று தீர்ப்பது இவை எதுவுமில்லை, துருதான். டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 (1960 முதல் 1984 வரை வந்தது), லேண்ட்ரோவர் சீரிஸ் 3-இன் 88 அங்குலக் குட்டை வண்டி (88 என்பது முன்-பின் சக்கர இடைவெளி; 1971 முதல் 1985 வரை) இரண்டையும் அந்தக் கோணத்தில்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் சாய்வு லேண்ட்ரோவர் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரறிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். இரண்டுமே ஏணிச் சட்டக சேசிஸ், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸில். தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரத்துக்கு இழுவை போகும். 1970களின் நடுவிலிருந்து வந்த எஃப்ஜே40-இல் இருப்பது 4,230 சிசி, ஆறு சிலிண்டர் 2எஃப் எஞ்சின். லேண்ட்ரோவரின் பெட்ரோல் எஞ்சின் 2,286 சிசி, நாலு சிலிண்டர், சுமார் 70 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் இரண்டையும் அடுத்தடுத்து விட்டுப் பார்த்தால் வாதத்துக்கே இடமில்லை. பிரேக்கிலும் அப்படியே: எஃப்ஜே40-க்கு முன்பக்க டிஸ்க் வந்துவிட்டது, சீரிஸ் 3 கடைசிவரை நாலு டிரம்மிலேயே ஓடியது.

இனி துரு. எஃப்ஜே40-இன் பாடி முழுக்க எஃகுத் தகடு. பின்கதவுக்குக் கீழுள்ள சில் (வாசலின் அடிச்சட்டம்), பின்மூலைத் தகடுகள், பின்சக்கர வளைவு, கூரை விளிம்பின் தண்ணீர்க் காடி, கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி ஆகியவைதான் முதலில் போகும். இவற்றையாவது கண்ணால் பார்க்கலாம். பின்தளத்துக்கு அடியில் தொப்பி வடிவத்தில் குறுக்கே ஓடும் சேனல்களில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும் இடம் அது. நடுவே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லை. மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும்.

சரிசெய்ய முடியாதா? முடியும். கதவு வாசலுக்குக் குறுக்கே குழாய் வைத்து வெல்டிங்கில் இறுக்கி, மூலைக்கு மூலை அளவெடுத்து எழுதிவைத்த பிறகே வெட்ட வேண்டும். அதைச் செய்யாமல் சில்லை வெட்டினால் பாடி சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு எந்த நாளும் சரியாகச் சாத்தாது. ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கணும், புதுத் தகட்டின் ஒட்டுமிடத்தில் வெல்டிங் தாங்கும் பிரைமர் பூசணும், அதே துளைகளில் நிரப்பி வெல்டிங் வைக்கணும். மெல்லிய தகடு என்பதால் ஒரே இழுப்பாகப் போனால் சூட்டில் அலையடிக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து ஆறவிட்டுப் போக வேண்டும். கைதேர்ந்த டிங்கரிங் ஆள் வேண்டிய வேலை. அந்த ஆளின் கூலிதான் பட்ஜெட்டை உடைக்கும்.

லேண்ட்ரோவருக்கு வருவோம். "அலுமினியம் பாடி, துருவே பிடிக்காது" என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்துவிடுங்கள். வெளித்தோல்தான் அலுமினியக் கலவை. சேசிஸ், பல்க்ஹெட் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர்), கதவின் உள்சட்டம் எல்லாம் எஃகு. சேசிஸ் நாலு தகடுகளை இணைத்த பெட்டிக் குழாய். சேறு உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், செத்த இடம் பொதபொதக்கும். பின் குறுக்குச்சட்டம், பல்க்ஹெட்டைத் தாங்கும் அவுட்ரிகர் (சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கை), ஸ்பிரிங் மாட்டும் முனைகள் மூன்றையும் விடாமல் தட்ட வேண்டும். ஒட்டுக்கு மேல் ஒட்டு போட்ட சேசிஸ் என்றால் அதைப் பழைய இரும்பாகவே கணக்கில் வையுங்கள்.

ஆக லேண்ட்ரோவரும் அழுகத்தான் செய்கிறது, சில சமயம் எஃப்ஜே40-ஐவிட மோசமாக. வித்தியாசம் எங்கே என்றால், அதன் அழுகல் போல்ட்டில் கழன்று வரும். முன் விங்குகள், ரேடியேட்டர் முகப்பு, பல்க்ஹெட், பின்தொட்டி, கூரை எல்லாம் தனித்தனித் துண்டுகள். கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) முழுப் புது சேசிஸ் விலைக்குக் கிடைக்கிறது. அதாவது, துருவின் பெரும்பகுதியை வெல்டிங் தெரியாதவர்கூட ஸ்பேனரால் தீர்த்துவிடலாம். கையிலெடுத்த வண்டி ஆண்டுக்கணக்கில் பாதியில் நிற்காமலிருக்க இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சேசிஸ் மாற்றும்போது இடறும் இடங்கள் சில உண்டு. ஸ்டியரிங் ரிலே (ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) முதல் எதிரி. முன் குறுக்குச்சட்டத்துக்குள் துருவோடு ஒட்டிப் பிணைந்திருக்கும். சூடுகாட்டி, ஊறும் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் கெஞ்ச வேண்டும். வெளியே வந்ததும் உற்சாகத்தில் பிரித்துவிடாதீர்கள். உள்ளே அழுத்திய ஸ்பிரிங் இருக்கிறது, தண்டை உருவினால் துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். துணிப்பையால் இறுகக் கட்டிவிட்டுத்தான் பிரிக்கணும். புது சேசிஸில் இறக்கும் முன் வெளிப்புறத்தில் தாராளமாகக் கிரீஸ் தடவினால் அடுத்து கழற்றுபவர் வாழ்த்துவார். ரிலேக்கு உள்ளே போவது எண்ணெய், அதை மேல்மூடி போல்ட் துளை வழியாக ஊற்ற வேண்டும்.

அடுத்தது எர்த். கால்வனைஸ் பூச்சின்மேல் பெயிண்டும் அடித்துவிட்டு அப்படியே ஒயரைப் பொருத்தினால் விளக்கு மங்கும், பெட்ரோல் கேஜ் பொய் சொல்லும், ஸ்டார்ட்டர் முனகும். எர்த் புள்ளிகளை உலோகம் தெரியச் சுரண்டி இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். மரைத் துளைகளில் துத்தநாகம் தேங்கியிருக்கும் என்பதால் எல்லாவற்றிலும் மரை வெட்டும் டேப்பை ஓட்டிவிட்டு போல்ட்டை மாட்டணும். சேசிஸ் எண் பழைய சேசிஸில் பொறித்திருப்பதால், சேசிஸை மாற்றுவதற்கு முன் பதிவுச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்வது கட்டாயம்.

பல்க்ஹெட்டில் மட்டும் டிங்கரிங் தப்பாது. கால் வைக்கும் குழிகள், கதவுத் தூணின் அடி, கண்ணாடிச் சட்டம் மாட்டும் மேல்மூலைகள் போயிருக்கும். அவற்றை ஒட்டிச் சீர்செய்தபின் கால்வனைஸ் செய்ய அனுப்பலாம். ஆனால் துத்தநாகத் தொட்டி சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும், மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ளும். குறுக்குக் கம்பிகள் வைத்து இறுக்காமல் அனுப்பாதீர்கள். மூடிய தூண்களில் காற்றுத் துளை போடாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் தொட்டியிலேயே வெடிக்கும். பெயிண்ட் பிடிக்க, துத்தநாகத்துக்கான எட்ச் பிரைமர் தேவை. சாதாரண பிரைமர் ஒரு மழைக்காலத்தில் தோலாக உரியும்.

அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் ரப்பர் பட்டையோ, இதற்கென்றே விற்கும் பசையோ வைத்துப் பூட்டுங்கள். கதவின் அடிவிளிம்பு உப்பியிருந்தால் இந்த நோய்தான்.

லேண்ட்ரோவரைப் பழிப்பவர்களின் ஆயுதம் பின்பக்க ஆஃப் ஷாஃப்ட், அதாவது ஆக்ஸில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பல்சக்கரத் தொகுதியிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் தண்டு. நியாயமான பழிதான். பெரிய டயர் போட்டு, பாறையில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முறியும். கெட்டியான ஷாஃப்ட் மாற்றலாம், ஆனால் பலவீனம் அங்கிருந்து டிஃபரன்ஷியலுக்கு இடம்பெயரும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆறுதல் என்னவென்றால், வண்டியின் பாரம் ஷாஃப்ட்டின்மேல் இல்லை. ஃபிளாஞ்சின் ஆறு போல்ட்டைக் கழற்றினால் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஷாஃப்ட் வெளியே வரும், உடைந்த துண்டை உள்ளிருந்து மீன்பிடிப்பதுதான் பாடு. எஃப்ஜே40-இன் வழக்கமான பின் ஆக்ஸில் அதைவிட வலுவானது. ஆனால் அதில் ஷாஃப்ட்டை உருவ, டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து, அதைப் பிடித்திருக்கும் சி-கிளிப்பை எடுத்தாக வேண்டும்.

முன் ஆக்ஸிலில் இருவருக்கும் தலைவலி உண்டு. லேண்ட்ரோவரில் முன்சக்கரம் திரும்பும் மூட்டிலுள்ள குரோம் உருண்டை சொரசொரத்துப் போனால் எந்த சீலும் நிற்காது. உருண்டையை மாற்றுங்கள், அல்லது எண்ணெய்க்குப் பதில் அதற்கான குழைகிரீஸ் போட்டுக் காலம் தள்ளுங்கள். எஃப்ஜே40-இல் உள்சீல் தேய்ந்தால் ஆக்ஸில் எண்ணெய் நக்கிளுக்குள் (முன்சக்கரம் திரும்பும் மூட்டு) புகுந்து கிரீஸைக் கஞ்சியாக்கும். சக்கரத்தின் உட்புறம் கறுப்பாகக் கசிவதுதான் அடையாளம்.

வேகம் வேண்டுமென்றால் லேண்ட்ரோவருக்கு ஓவர்டிரைவ் (எஞ்சின் மெதுவாகச் சுழலும்படி செய்யும் கூடுதல் கியர்) மாட்டலாம். இரைச்சல் குறையும், எஞ்சின் திறன் கூடாது. பெரிய எஞ்சின் ஏற்றும் எண்ணமிருந்தால் எஃப்ஜே40-க்கே போங்கள். அதன் கியர் பாக்ஸும் ஆக்ஸிலும் கூடுதல் திருகுவிசையைத் தாங்கும், லேண்ட்ரோவரில் அதே வேலை ஒவ்வொரு பாகமாக உடைத்துக்கொண்டே பின்னோக்கிப் போகும். மறுவிற்பனையிலும் நல்ல எஃப்ஜே40-க்குக் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் அந்த விலை கம்பெனி நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் பெரும்பாலும். வெட்டி மாற்றிக் கட்டியதற்கு வாங்குபவரின் ரசனைதான் விலை வைக்கும், அதை முன்கூட்டி இவ்வளவு என்று சொல்வது கடினம்.

பாடி துருவின்றி, அடியில் அந்தத் தொப்பிச் சேனல்கள் சுத்தியலுக்குக் கணீரென்று பதில் சொல்லும் எஃப்ஜே40 கண்ணில் பட்டால் மட்டும், மேலே சொன்ன சாய்வை மறந்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.