விவால்டி பிரௌசர்: கடை கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன்

மலேசியா சுங்கை சிப்புட்ல ஃபோட்டோஸ்டாட், டைப்பிங், ஆன்லைன் ஃபாரம் நிரப்பிக் குடுக்கறது, இதான் என் கடை வேலை. சுத்தி உள்ள தோட்டத்து ஆளுங்க இபிஎஃப், வருமான வரி, பிள்ளைங்க உதவித்தொகைன்னு எதுக்கும் இங்கதான் வருவாங்க, ஐசி (அடையாள அட்டை) படத்த வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு அப்படியே கவுண்டர்ல நிப்பாங்க. அதனால நாள் முழுக்க எனக்கு பிரௌசரோடதான் பொழப்பு, அது நல்லா இருந்தா வேலை ஓடும்.

பல வருஷமா ஃபயர்பாக்ஸ்தான். அது 2004ல முதல் வெர்ஷன் வந்தப்போ உலகமே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல இருந்துச்சு, இப்ப பார்த்தா ஏறக்குறைய எல்லா பிரௌசரும் குரோமுக்கு அடித்தளமா உள்ள கூகுளோட குரோமியம் மேல கட்டினதா ஆயிடுச்சு, ஃபயர்பாக்ஸ் இன்னும் சொந்த கெக்கோ எஞ்சின்ல (பக்கத்த ஸ்கிரீன்ல காட்டற பாகம்) நிக்குது, அதுக்காகவே எனக்கு அது மேல ஒரு மரியாதை. மெனு எல்லாம் தமிழ்லயும் வச்சுக்கலாம். அதோட படம் பார்க்கற, திருத்தற இர்ஃபான்வியூ சாஃப்ட்வேர், இது இல்லாம என் கடை திறக்காது: ஐசி முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் பனோரமா மெனுல போட்டா மேல கீழ ஒட்டி ஒரே படமா குடுத்துடும், படம் பெரிசா இருக்குன்னு போர்ட்டல் துப்பினா ஜேபெக் சேவ் பண்ற இடத்துல இத்தனை கேபிதான் வேணும்னு எழுதினாப் போதும், அதுவே குறைச்சுக் குடுக்கும். தமிழ் டைப்பிங்குக்கு முரசு அஞ்சல், நம்ம ஊர் முத்து நெடுமாறன் செஞ்சது, இத பத்தி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்ல.

சரி விவால்டிக்கு வரேன். ஓபரா பிரௌசர ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜான் வான் டெட்ஸ்னர் அங்கருந்து வெளிய வந்து ஆரம்பிச்சது, 1.0 வந்தது 2016ல. பழைய ஓபரா 12 பாவிச்சவங்களுக்குத் தெரியும், அதுல எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம், 2013ல ஓபரா குரோமியத்துக்குப் போனப்போ அந்த வசதியெல்லாம் போச்சு. விவால்டியும் குரோமியம்தான், ஆனா அந்தப் பழைய குணத்தத் திரும்பக் கொண்டு வந்திருக்காங்க. டேப்ப எந்தப் பக்கம் வேணும்னாலும் வைக்கலாம், எந்த வேலைக்கு எந்தக் கீ-ன்னு நாமளே வச்சுக்கலாம், எஃப்2 அமுக்கி டைப் பண்ணா திறந்திருக்க டேப்போ மெனு வேலையோ எதுன்னாலும் வந்து நிக்கும்.

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது டேப் டைலிங். கண்ட்ரோல் அமுக்கி ரெண்டு டேப்ப செலக்ட் பண்ணி கண்ட்ரோல் எஃப்9 தட்டினா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்துடும். இடது பக்கம் ஐசி படம், வலது பக்கம் ஃபாரம். முன்னாடி மாத்தி மாத்திப் பார்த்து 12 நம்பரையும் அடிக்கணும், இப்ப கண்ணு ஒரே ஸ்கிரீன்லயே ஓடுது. இன்னொரு நன்மை நான் நினைச்சே பார்க்காதது, மானிட்டர கொஞ்சம் திருப்பி வச்சா வந்தவங்களே சரி பார்க்கலாம். ரப்பர் பால் வெட்டி ரிட்டையர் ஆன ஒரு ஐயா ஒவ்வொரு நம்பரா விரல வச்சுப் பார்த்துட்டு, "தம்பி, அப்பா பேருல ஒரு எழுத்து விட்டுப் போச்சுய்யா"ன்னார். ஐசில உள்ளபடியே பேரு இல்லன்னா ஏ/எல் (இன்னாரோட மகன்னு அர்த்தம்) நடுவுல உள்ள கோடு மொதக்கொண்டு எல்லாம் பிரச்சனையாகும், ஃபாரம் திரும்பி வரும், அவர் மறுபடி பஸ் ஏறி டவுனுக்கு வரணும். அதனால எனக்கு இது சின்ன விஷயம் இல்ல.

வெப் பேனல் அடுத்தது. ஓரத்துல வாட்ஸ்அப் வெப் எப்பவும் திறந்தே இருக்கும், யாராச்சும் சம்பளச் சீட்டு அனுப்பினா அப்படியே எடுத்து பிரிண்ட், வேற டேப்புக்குப் போக வேண்டியதில்ல. வொர்க்ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கு, வரி வேலை ஒரு பக்கம், ஸ்கூல் வேலை ஒரு பக்கம்னு டேப்புகள பிரிச்சு வச்சுக்கலாம், மார்ச்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வரி வேலையா வர்ற காலத்துல இது பெரிய நிம்மதி.

இனி குறை. கவுண்டர்ல உள்ள பழைய மெஷின் 4 ஜிபி ராம்தான், அதுல விவால்டி திறக்கறதுக்கே நேரம் எடுக்குது, டேப் கூடினா மவுஸ் கூட இழுக்குது. அதோட பட்டன், மெனு எல்லாமே வெப் பக்கம் மாதிரி எழுதினது, அதனால சின்ன மெஷினுக்கு பாரம்தான். சும்மா இருக்க டேப்ப ஹைபர்னேட் பண்ணி வைக்கலாம், கொஞ்சம் லேசாகும், ஆனா ஃபயர்பாக்ஸ் அந்த மெஷின்ல ஓடுற மாதிரி ஓடல.

விளம்பரம் தடுக்கறதுலயும் ஃபயர்பாக்ஸ்தான் மேல. விளம்பரம் தடுக்கற யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷனோட முழு வெர்ஷன குரோம் நிறுத்திடுச்சு, மானிஃபெஸ்ட் வி3ன்னு எக்ஸ்டென்ஷன் விதிய மாத்தினதால, குரோமியம் மேல கட்டின விவால்டிக்கும் அதே கதிதான். விவால்டில சொந்தமா ஒரு பிளாக்கர் இருக்கு, பரவால்ல, ஆனா அந்த அளவுக்கு வராது. எங்க ஆளுங்க வயசானவங்க, "டவுன்லோட்"னு பச்சையா பளபளக்கற பொய் பட்டன அமுக்கிடுவாங்க, அதனால அவங்க தொடற மெஷின்ல நான் இதுல விட்டுக் குடுக்க மாட்டேன். இன்னொண்ணு, ஃபயர்பாக்ஸ் முழுசா ஓபன் சோர்ஸ் (புரோகிராம் கோட யாரும் பார்க்கலாம்), விவால்டியோட மேல் பாகம் அப்படி இல்ல, இத பெரிசா எடுக்கறவங்க யோசிச்சுக்கோங்க.

எதிர்ப்பக்கமும் சொல்லணும், ஒரு சில பழைய அரசாங்கப் போர்ட்டல்ல ஃபயர்பாக்ஸ்ல பட்டன் அமுக்கினா சத்தமே இருக்காது, விவால்டில உடனே போகும். அந்தப் போர்ட்டல செஞ்சவங்க குரோம்ல மட்டும் டெஸ்ட் பண்ணி விட்டுட்டாங்க போல. தோட்டத்துல இருந்து லீவு போட்டு வந்தவங்கள நிக்க வச்சுட்டு இன்னொரு பிரௌசர திறக்கறது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

அதனால என் சொந்த மேசைல 8 ஜிபி மெஷின்ல விவால்டியே வச்சுக்கிட்டேன், கவுண்டர் மெஷின் ஃபயர்பாக்ஸ்லயே இருக்கு, மாத்தற எண்ணமும் இல்ல. போடறவங்களுக்கு ரெண்டு விஷயம். மொதல்ல புக்மார்க்லயும் ஸ்பீட் டயல்லயும் (புது டேப்ல வர்ற சைட் கட்டங்கள்) பார்ட்னர் சைட்டுங்க சிலது தானா வந்திருக்கும், கம்பெனிக்கு அதுலயும் வருமானம், வேணாம்னா அழிச்சுடுங்க, தப்பில்ல. அப்புறம் கடைக்காரங்களுக்கு, வாடிக்கையாளரோட லாகின் எதுவா இருந்தாலும் கண்ட்ரோல் ஷிஃப்ட் என் அடிச்சு பிரைவேட் விண்டோலதான் திறங்க, பாஸ்வேர்ட் சேவ் பண்ணவான்னு கேக்கறத செட்டிங்ஸ்ல மொத வேலையா ஆஃப் பண்ணுங்க.